பாடாங் செராயில் எட்டு மாதங்கள்: அண்டை வீட்டாரோடு அன்றாடத்தில் பழகுவது எப்படி?

மரவள்ளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து வந்து கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் நாங்கள் குடியேறி எட்டு மாதங்கள் ஆகின்றன. கணவர் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். நான் வேலைக்குச் செல்வதில்லை. நான்கு வயது மகனோடு பகல் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் லோரோங்கில், அதாவது சந்தில், உள்ள இருபது வீடுகளில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். சுற்றியிருந்த தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறியும், வீட்டு மனைகளாகியும் போனபோது லயங்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) காலி செய்துகொண்டு இந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். வலப்பக்கத்து வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி மகள் குடும்பத்தோடு இருக்கிறார். எதிர்வரிசைக் கோடியில் ஒரு சீனப் பெரியவர் தனியாக வாழ்கிறார்.

தமிழர் நிறைந்த ஊர் என்பதால் பழகுவது எளிதாக இருக்கும் என்று எண்ணி வந்தேன். எல்லாரும் புன்னகைக்கிறார்கள், அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. தவறு என் பக்கம் இருக்கலாம் என்று நினைக்கக் காரணம் உண்டு. வந்த இரண்டாம் வாரம் இடப்பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். நான் உள்ளதை உள்ளபடி, "இன்னும் இல்லைங்க" என்றேன். பத்தே நிமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு தோசையும் நெத்திலிச் சம்பலும் வந்துவிட்டன. கேட்டு வாங்கித் தின்றது போல் எனக்குக் கூச்சமாகிவிட்டது. டப்பாவைக் கழுவித் துடைத்து மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் முகம் ஏனோ வாடியது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான்கு வீட்டாரைத் தேநீருக்கு அழைத்தேன். "வரப் பார்க்கிறோம்" என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரே ஒரு பாட்டி மட்டும் வந்தார். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதும், ஞாயிறு இங்கே பள்ளி நாள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கணவருடைய நிறுவனம் சனி, ஞாயிறு விடுமுறை தருவதால் அது மனத்தில் பதியவே இல்லை.

ஊரில் நான் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு நடக்கப் போவேன்; எனக்குப் பழக்கமான பாதிப் பேர் அந்த நடையில் கிடைத்தவர்கள்தாம். இங்கே ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் கும்மிருட்டு. தெருநாய்களைத் தவிர வேறு துணையில்லை. விருந்து, விழா என்று பெரிதாக எதுவும் செய்யாமல், அன்றாட வேலைகளின் ஊடாகவே அக்கம்பக்கத்தாரோடு பழக என்ன வழி? மலாய் அம்மாவுக்கு நம் வீட்டுப் பலகாரம் கொடுக்கலாமா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

வணக்கம், சகோதரி. நான் தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தமிழ்ப்பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்னவற்றுள் டப்பாவைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவரை மற்றதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

"பசியாறிட்டீங்களா" என்பது இங்கே வணக்கம் சொல்வதைப் போன்றது. மலாய்க்காரர்கள் "சுடா மாக்கான்?" என்று கேட்பதும் அதே வகைதான். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், "ஆச்சுக்கா, நீங்க?" என்று சொல்லிவிட்டால் பேச்சு தொடரும். நீங்கள் வேறு விதமாகச் சொன்னதால் தோசை வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த அக்காவுக்கு அன்று உங்கள்மேல் ஓர் உரிமை பிறந்திருக்கும். நீங்கள் டப்பாவை மறுநாள் காலையிலேயே, அதுவும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தபோதுதான் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். எங்கள் வீடுகளில் வந்த பாத்திரம் வெறுங்கையோடு போகாது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி கறிவேப்பிலை, இரண்டு எலுமிச்சை, அதுவும் இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரை போட்டாவது அனுப்புவார் என் தாயார். அவசரப்பட்டு அனுப்பவும் மாட்டார். நான்கு நாள் பாத்திரம் நம் வீட்டு அலமாரியில் இருந்தால் அந்த நான்கு நாளும் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது என்று பொருள். விடிந்ததும் கழுவிக் கொடுத்தால், கணக்கு முடிந்தது என்று பொருள்.

அடுத்தது நேரம். உங்கள் ஐந்தரை மணி இருட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் நம் பக்கத்தில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. மாலையிலும் ஏழு, ஏழரை மணியை ஒட்டித்தான் மறைகிறது. இந்த வட்டாரத்தில் ஐந்து மணிக்கு மனிதர்கள் எழுவதே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களுக்கு, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன்பு, குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றவர்கள் அவர்கள். மரமும் போய்விட்டது, பெரட்டும் போய்விட்டது, விழிப்பு மட்டும் போகவில்லை. ஆனால் இப்போது எழுந்து விளக்கேற்றி, கடுங்கோப்பி ஊற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாசலுக்கு வரும் வேளை மாலை ஐந்தரையிலிருந்து ஏழேகால் வரை. அப்போதுதான் கேட் திறந்திருக்கும், பூச்செடிக்குத் தண்ணீர் போகும், பிள்ளைகள் சைக்கிளோடு தெருவில் இருப்பார்கள். நடப்பதானால் அந்த வேளையில், அதே பாதையில், தினமும் நடங்கள். அதைவிட நல்லது, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கீரை ஆய்வது.

லயத்தில் எங்களுக்குக் குழாயடி இருந்தது. தண்ணீர் வரும் நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் மகன் கோலாலம்பூருக்குப் போனான் என்பதெல்லாம் வாளி நிறைவதற்குள் தெரிந்துவிடும். யாரும் யாரையும் பழக வேண்டும் என்று பழகியதில்லை. தாமானில் வீட்டுக்கு வீடு குழாய் இருப்பதால் அந்த இடம் இல்லாமற்போயிற்று. அதற்குப் பதிலாக இன்று இருப்பவை காலையில் வரும் காய்கறி லாரியும், மாலையில் மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரும்தான். நீங்கள் ஒரு வாரத்துக் காய்கறியைப் பேரங்காடியில் மொத்தமாக வாங்கிவந்து குளிர்பெட்டியில் அடைப்பவர் என்று ஊகிக்கிறேன். ஐம்பது காசு கூட ஆனாலும் பரவாயில்லை. தினமும் லாரியில் கொஞ்சமாக வாங்குங்கள். எந்த மீனில் முள் குறைவு என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். தெரிந்தாலும் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. துக்க வீட்டுக்கு இங்கே அழைப்பு கிடையாது. தெருவில் கூடாரம் எழுந்து நாற்காலிகள் வந்து இறங்கினால் அதுவே அழைப்பு. இறந்தவரை நீங்கள் ஒரு முறைகூடப் பார்த்திராவிட்டாலும் வெளிர்நிற உடையில் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தீபாவளிக்கு வராதவரை மறந்துவிடுவார்கள், துக்கத்துக்கு வராதவரை மறக்கமாட்டார்கள்.

மூன்றாம் தலைமுறை எழுதியது:

வாத்தியார் ஐயா நல்ல விதமாகச் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன், அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைக் குறித்தே சொல்வதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், ஆனால் உங்கள் அக்கம்பக்கத்தார் உங்களுக்கு முன்பு வந்த சிலரைப் பார்த்திருப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்களிடம் முதலில் சொல்வது, "அட, நீங்க இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறீங்களே!" என்பது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பினாங்கில் 1816இல் தொடங்கிய தமிழ்க் கல்விக்கு 2016இல் இருநூறாவது ஆண்டு விழா கொண்டாடிய நாட்டில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கும் நாட்டில், சொந்த வீட்டு வாசலில் நின்றபடி அந்தப் பாராட்டைக் கேட்பது எங்களுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த கேள்வி, "உங்க பூர்வீகம் எந்த ஊர்?" என்பது. எங்களில் பலருக்குத் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பதே தெரியாது. ஊர்ப் பெயரைப் பாட்டி சொன்னபடி ஒலிப்போமே தவிர, அது எந்த மாவட்டம் என்று கேட்டால் விழிப்போம். அதற்கும் அடுத்து வருவது, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி. அதைக் கேட்டவர் வீட்டுக்குள் என் மாமியார் இதுவரை காலடி வைத்ததில்லை.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தேநீருக்கு ஒரு பாட்டியைத் தவிர யாரும் வராததற்குப் பள்ளி நாள் மட்டும் காரணமாக இருக்காது என்பது என் எண்ணம். அழைத்து உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தால், வருபவர் நல்ல உடை உடுத்த வேண்டும், கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும், உங்கள் தமிழுக்கு ஈடு கொடுத்து ஒரு மணி நேரம் பேச வேண்டும். எங்கள் பேச்சில் மலாயும் சீனமும் வந்து விழும். அதைச் சினிமாவில் பேசுவது போன்ற உங்கள் தமிழுக்கு முன்னால் வைக்க எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கூச்சம். நீங்கள் அவர்களிடம் கூச்சப்படுகிறீர்கள், அவர்கள் உங்களிடம் கூச்சப்படுகிறார்கள். வேலியோரப் பேச்சில் இந்தச் சங்கடம் இல்லை, ஏனென்றால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு எந்த நேரமும் உள்ளே ஓடிவிடலாம்.

கொடுப்பதைக் காட்டிலும் கேட்பது நல்லது என்பேன். இடியப்ப உழக்கு இரவல் கேளுங்கள். எந்தக் கிளினிக்கில் பிள்ளைக்கு நன்றாகப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவீர்களானால், பூசை முடிந்து அர்ச்சனைத் தட்டோடு காருக்குப் போய்விடாமல் பின்கட்டுக்குப் போய், "வெங்காயம் உரிக்கட்டுமா?" என்று கேளுங்கள். அன்னதானச் சமையலில் ஒரு கூடை வெங்காயத்தை உரித்துக் கண்ணீர் விட்டவரை எங்கள் ஊரில் யாரும் இந்தியாக்காரர் என்று சொல்வதில்லை.

தாமிரபரணி எழுதியது:

நான் நெல்லையிலிருந்து வந்து கூலிமில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். தமிழ் வீடுகளைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டதால் மலாய் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தாராளமாகக் கொடுக்கலாம். வயதில் மூத்தவர் என்பதால் "மாக்சிக்" என்று அழையுங்கள். மகளை "காக்" என்றால் போதும். அவர்கள் வீட்டுக்குள் போகும்போது காலணியைக் கழற்றிவிட்டுப் போவது நமக்குப் பழக்கமானதுதான். கொடுப்பதை வலக்கையால் கொடுங்கள். சமைத்த பொருள் ஹலாலா என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். எனவே தொடக்கத்தில் பழமாகவோ, ஹலால் முத்திரையுள்ள பொட்டலமாகவோ கொடுப்பது இரு தரப்புக்கும் நிம்மதி. பழகியபின் எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக் என் மனைவியின் முறுக்கை டின்னோடு வாங்கிப் போகிறார். நோன்பு மாதம் வந்தால் நோன்பு திறக்கும் வேளைக்குச் சற்று முன்பு உங்கள் வீட்டுக்கு ஒரு தட்டில் குவே என்னும் மலாய்ப் பலகாரம் வரக்கூடும். அந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பக் கூடாது. இந்த விஷயத்தில் அவர்களும் நாமும் ஒன்று.

எங்களுக்குள் பேச்சு தொடங்கியது ஒரு புல்லில். செராய் என்றால் மலாயில் எலுமிச்சம்புல்; நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரே எலுமிச்சம்புல் திடல்தான். மாக்சிக் வீட்டு வேலியோரம் அது புதராக மண்டியிருந்தது, எங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரம். என் மனைவிக்கு அப்போது மலாயில் பத்துச் சொல்கூடத் தெரியாது. ஒரு நாள் மீன் குழம்புக்கு அவர் வேலிக்கு மேலே கையை நீட்டிக் கறிவேப்பிலையைக் காட்டினார். என் மனைவி ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தாள். மறுநாள் எங்கள் கேட்டில் ரப்பர் வளையம் போட்டு நான்கு தண்டு செராய் செருகியிருந்தது. ஆறு ஆண்டுகளாக அது நிற்கவில்லை. கறிவேப்பிலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் "டாவுன் காரி". கறி என்ற சொல்லைக் கேட்டபோது என் மனைவிக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

சீனப் பெரியவருக்குச் சீனப் புத்தாண்டின்போது இரண்டு மாண்டரின் ஆரஞ்சு கொண்டுபோங்கள். ஒன்றாகக் கொடுக்க வேண்டாம், இணையாகத்தான் கொடுப்பது. அவரும் இரண்டு திருப்பிக் கொடுப்பார்.

உங்கள் கணவருக்கும் ஒரு சொல். கூலிமில் வேலை செய்யும் நம்மவர்கள் பலரும் இரவில் வந்து உறங்குவதற்கு மட்டுமே இந்த ஊரை வைத்திருக்கிறோம். கொசுவை ஒழிக்கவோ, சாக்கடையைத் தூர் வாரவோ கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் பொதுவேலை) என்று அறிவித்தால் அவரை ஒரு மண்வெட்டியோடு அனுப்பிவையுங்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை காலையில்தான் வைப்பார்கள். அரை நாள் விடுப்பு எடுத்தாலும் தகும். நான் முதல் தடவை போனபோது ராஜேந்திர சோழனும் கடாரமும் பற்றி விளக்கத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற பாக்சிக், அந்த மலாய்ப் பெரியவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரே ஓர் எச்சரிக்கை. பழக்கம் நெருங்கியபின் "கூட்டு" சேரச் சொல்லி யாராவது கேட்பார்கள். மாதம் இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டு முறை வைத்து எடுப்பது; நம் ஊர்ச் சீட்டுதான். அந்தத் தமிழ்ச் சொல்லே சட்டத்தின் பெயரில் ஏறி, கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அனுமதிச் சீட்டில் தங்கியிருப்பவர் அதில் மாட்டிக்கொள்வது நல்லதல்ல. "வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இரவலாகப் பாத்திரம் போகலாம், பணம் போக வேண்டாம்.

மரவள்ளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்றாம் தலைமுறை அவர்களே, பூர்வீகம் எந்த ஊர் என்று நான் குறைந்தது மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். படித்தபோது முகம் சுருங்கியது. இனிக் கேட்கமாட்டேன்.

மாலையில் ஆறு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினேன். முதல் நான்கு நாள் யாரும் வரவில்லை. அரை மணி நேரம் கீரையை ஆய்ந்துவிட்டு உள்ளே போனேன். ஐந்தாம் நாள் ரொட்டிக்காரரின் ஹாரன் கேட்டதும் மகன் தெருவுக்கு ஓடினான். மோட்டாருக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி, அதன் இரு பக்கமும் சரம் சரமாக நொறுக்குத் தீனிப் பொட்டலங்கள். பெட்டி மூடியைத் திறந்ததும் சூடான பன்னின் மணம். என்னிடம் ஐம்பது வெள்ளி நோட்டு மட்டும் இருந்தது, அவரிடம் சில்லறை இல்லை. பின்னாலிருந்து ஒரு கை இரண்டு வெள்ளியை நீட்டியது. இடப்பக்கத்து அக்கா. வழக்கமாக இருந்திருந்தால் உள்ளே ஓடிப்போய்ச் சில்லறை தேடி அப்போதே கொடுத்திருப்பேன். வாத்தியார் ஐயா எழுதியது நினைவுக்கு வந்ததால், "நாளைக்குத் தரேங்கா" என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் மாலை பணத்தோடு கொஞ்சம் புளியோதரையும் கொடுத்தேன். டப்பா இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

சென்ற புதன்கிழமை இரவு அவர் வேலியோரம் வந்து, "நாளைக்கு நான் வேலைக்குச் சீக்கிரம் போறேன். லாரி வந்தா எனக்கு ரெண்டு வெள்ளிக்குச் சாவி வாங்கி வை" என்றார். எனக்குப் புரியவில்லை. லாரிக்காரரிடம் சாவி எதற்கு, பூட்டு எங்கே என்று இரவெல்லாம் குழம்பினேன்; கேட்கவும் வெட்கமாக இருந்தது. காலையில் லாரியருகே நின்ற பாட்டியிடம் சொன்னபோதுதான் அவர் சிரித்துச் சிரித்து, தண்டு பருத்த ஒரு கீரைக் கட்டை எடுத்து என் கையில் வைத்தார். கடுகுக் கீரை வகையாம், மலாயில் சாவி. ஞாயிற்றுக்கிழமைத் தேநீருக்கு வந்த அதே பாட்டிதான். மாலைக்குள் அந்தக் கதை லோரோங் முழுவதும் போய்விட்டது. சீனப் பெரியவர்கூட என்னைப் பார்த்து, "சாவி, சாவி" என்று விரலைத் திருகிக் காட்டினார்.

அந்த இரண்டு வெள்ளியை அக்கா இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.